செங்கரட்டு ஆபீசின் மழைத்தொட்டி

செங்கரடு தாலுகா ஆபீசுக்குப் புதுக் கட்டடம் கட்டி ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்த ஒரு வருடத்தில் உதவிப் பொறியாளர் சண்முகப்பிரியா தலையில் அடித்துக்கொண்ட தடவைகளை எண்ணி வைத்திருந்தால் அதற்கே தனியாக ஒரு கோப்பு போட வேண்டியிருக்கும்.

கட்டடத்தின் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அனல்மின் நிலையத்துச் சாம்பலில் செய்த கல். மேற்குச் சுவர் முழுக்கக் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள்; மத்தியானக் காற்று அதன் வழியாக நுழைந்து கடைசி அறை வரைக்கும் போகும். ஆள் வந்தால் எரிந்து, ஆள் போனால் அணைகிற விளக்குகள். மொட்டை மாடியில் பாதி சூரியத் தகடு, மீதி வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளை ஓடு. எல்லாம் அவள் ராப்பகலாக உட்கார்ந்து வரைந்தது. குற்றமெல்லாம் அதற்குள் வந்து உட்கார்ந்தவர்களிடம்தான் இருந்தது.

ஓட்டைகளின் மேல் தினசரிக் காலண்டர்களை வரிசையாக மாட்டிக் காற்றை அடைத்தார்கள். கேட்டால், காகிதம் பறக்கிறதாம். பதிவறை எழுத்தர் ஒருவர் விளக்கு அடிக்கடி அணைகிறது என்று மின்பழுதுப் புகார் எழுதி அனுப்பினார். அசையாமல் உட்கார்ந்திருந்தால் அணையத்தான் செய்யும், எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தீர்கள் என்று இவள் கேட்கப்போக, அவர் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளை ஓடு சுத்தமாக இருக்கிறதென்று மாடியில் வடகம் காயப் போட்டார்கள். கழிப்பறையில் சின்னதற்கு ஒரு பொத்தான், பெரியதற்கு ஒரு பொத்தான் என்று வைத்தால், எதற்கு வம்பு என்று இரண்டையும் சேர்த்து அமுக்கினார்கள். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள்.

ஒன்றே ஒன்றை மட்டும் அவளால் விட்டுக்கொடுக்க முடியாது. அதுதான் மழைத்தொட்டி.

ஆபீஸ் வாசலில் பாவியிருந்த சிமெண்டுக் கற்களுக்கு அடியில் ஒரு லட்சத்து இருபதாயிரம் லிட்டர் பிடிக்கிற தொட்டி இருந்தது. மாடியில் விழுகிற மழையெல்லாம் வடிகட்டி அதற்குள் இறங்கும். குடிப்பதற்கு மட்டும் சன்னமாக வருகிற காவிரிக் குழாய் தனியே உண்டு. கழிப்பறைக்கும் கழுவலுக்கும் தொட்டித் தண்ணீர். பழைய ஆபீசில் மனு கொடுக்க வருகிற பெண்கள், போக ஒரு இடமில்லை என்று காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் நிற்பதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்துதான் அவள் அந்தத் தொட்டியை வரைபடத்தில் போட்டாள். சேலத்தில் இருந்த செயற்பொறியாளருக்கு அதில் நம்பிக்கை இல்லை. "ஒரு கோடை தாண்டட்டும். ஒரு தண்ணி லாரி உள்ள வராம தாண்டுச்சுன்னா, அடுத்துக் கட்டற பெண்கள் விடுதிக்கும் இதே தொட்டிதான். ஒரே ஒரு லாரி வந்தாலும் வரைபடத்துலிருந்து தூக்கிடுவேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்.

கோடை முக்கால்வாசி தாண்டிவிட்டது. தொட்டியில் இன்னும் மூன்றடித் தண்ணீர் இருந்தது. சிக்கனமாகப் புழங்கினால் மூன்று வாரத்துக்குத் தாராளம். சென்னையிலிருந்து ஆய்வுக் குழு வருகிற புதன்கிழமைக்கு ஆறே நாள்தான் பாக்கி.

அப்போதுதான் அந்த வியாழக்கிழமை வந்தது. ஓமலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடச் சுவரை அளந்துகொண்டிருந்தவளுக்கு, ஆபீசைக் கூட்டிப் பெருக்குகிற சென்னியம்மாளிடமிருந்து போன் வந்தது.

"அம்மிணி, சித்த வெசயா வாங்க. போர் போடற ரிக் வண்டி வந்து நிக்குதுங்க."

"எங்கக்கா நிக்குது?"

"நம்ம தொட்டி மேலதானுங்க."

முப்பது கிலோமீட்டரை ஸ்கூட்டரில் எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. போய்ப் பார்த்தால், வாசலில் கல்யாணக் களை. ரிக் வண்டிக்கு மாலை போட்டுப் பொட்டு வைத்திருந்தார்கள். கற்பூரம் அணைந்து புகைந்துகொண்டிருந்தது. தாசில்தார் தீனதயாளன் புதுச் சட்டையில் நின்றிருந்தார். திங்கட்கிழமையோடு அவருக்கு ஓய்வு. தன் பேர் சொல்ல ஆபீசுக்கு ஒரு போர் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. ஆசைக்கு ஏற்ற ஆளும் கிடைத்துவிட்டார். ரிக் முதலாளி தனசேகர், வட மாநிலங்களில் ஆறு வண்டி ஓட்டுகிற மனிதர், இறந்துபோன தகப்பனார் சின்னண்ணனின் முதல் வருட நினைவாக இலவசமாகவே போர் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். திருச்செங்கோட்டு வட்டாரத்தில் சோறு போடுகிற தொழில் அது. அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று தோன்றினால் முதலில் பூமியில் ஒரு ஓட்டை போடத்தான் தோன்றும்.

கட்டடத்தைப் பராமரிக்கிற பொதுப்பணித் துறையை ஒரு வார்த்தை கேட்போமே என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"சார், இந்த இடத்த யாரு காட்டுனது?"

தாசில்தார் பெருமையோடு பக்கத்தில் இருந்த பெரியவரைக் காட்டினார். அவர் அர்த்தநாரி; உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடந்தே நீரோட்டம் பார்ப்பவர். "நம்மய்யா ஆபீஸச் சுத்தி மூணு சுத்து வந்தாருங்க மேடம். எங்கியும் தேங்கா அசையல. இந்த எடத்துக்கு வந்ததும் டக்குனு எந்திரிச்சு நின்னுது பாருங்க! எனக்கு மெய்சிலுத்துப் போச்சு."

"நாப்பது வருசத்துல இப்பிடி நின்னதில்லீங்க" என்றார் அர்த்தநாரி. "கீழ தண்ணி நெம்ப மேலயே இருக்குது சாமி."

"மேலதாங்கய்யா இருக்கும். கீழ நான் கட்டுன தொட்டி இருக்குது!"

ஒருவரும் அசையவில்லை. சின்னப் பெண் ஏதோ சொல்கிறாள் என்கிற மாதிரி தாசில்தார் சிரித்தார். இவளுக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. வாசலோரம் வைத்திருந்த பூச்சட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளினாள். அடியில் இருந்த இரும்பு மூடியைச் சென்னியம்மாள் கடப்பாறை கொண்டுவந்து நெம்பினாள். மூடி விலகியது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே மூன்றடி ஆழத்துக்குத் தெளிந்த தண்ணீர், அடித்தளம் தெரிய நின்றது.

முதலில் அர்த்தநாரிதான் வாயைத் திறந்தார்.

"நான் சொன்னனா இல்லீங்களா, இங்க தண்ணி இருக்குதுன்னு?"

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ஒருவர் பெரியவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். சண்முகப்பிரியா அந்த மூடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒருவழியாகத் தொட்டியின் மேல் துளை போடக் கூடாது என்பது எல்லாருக்கும் விளங்கியது. அப்பாடா என்று எழுந்தால், தனசேகர் கையைப் பிசைந்துகொண்டு முன்னால் வந்தார்.

"மேடம், தொட்டி விசயம் எனக்குத் தெரியாதுங்க, மன்னிச்சுக்கங்க. ஆனா பூச போட்டாச்சு. பூச போட்ட வண்டி ராடு எறக்காமத் திரும்புனா அந்த வருசம் போற எடமெல்லாம் தண்ணி வராது, பொகைதாங்க. அதுவும் எங்கப்பன் பேரச் சொல்லிப் போட்ட பூசைங்க. வேற எங்கயாச்சும் ஒரு பாயிண்ட் நீங்களே காட்டுங்க. நீங்க காட்டற எடத்துல போடறேன்."

பெரிய மனிதர்தான், ஆனால் கண் கலங்கியிருந்தது. முடியாது என்று சொல்ல அவளுக்கு அதிகாரம் இருந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த வண்டி தொட்டியை விட்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதுதான். மேற்கே காம்பவுண்டுச் சுவர் ஓரமாக இருந்த காலி இடத்தைக் கை நீட்டிக் காட்டினாள். தொட்டிக்கும் அதற்கும் நடுவே முழுக் கட்டடமும் இருந்தது. அந்தக் கை நீட்டலை நினைத்து அப்புறம் அவள் எத்தனை முறை நொந்துகொண்டாளோ!

அர்த்தநாரி வந்து தேங்காயை வைத்துப் பார்த்தார். அது அசையவே இல்லை. "எனக்கொண்ணும் தெரியலீங்க" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

பதினொரு மணிக்குக் கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது. நூறு அடியில் வெள்ளைப் பாறை. முந்நூறில் வெள்ளைப் பாறை. அறுநூறில், இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம் என்றார் தனசேகர். தொள்ளாயிரத்து இருபதில், துளைக்குள் இறக்குகிற ராடு தீர்ந்துபோயிற்று. சொட்டு ஈரம் இல்லை. ஈரம் பட்டிருந்தால் பாறைப் பொடி சேறாகி அங்கேயே வழிந்திருக்கும். ஈரம் இல்லாததால் அத்தனையும் மாவு மாவாக ஆகாசத்துக்குக் கிளம்பியது.

மேல்காற்று தொடங்கியிருந்த வாரம் அது. மேற்குச் சுவரில் கை நுழைகிற ஓட்டைகள் இருந்தன. காற்றைப் பிடித்துக் கடைசி அறை வரைக்கும் கொண்டுபோவதற்கென்றே அவள் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டு வைத்த ஓட்டைகள்! ஒரு வருடமாக அவளை ஏமாற்றாத கட்டடம் அன்றைக்கும் ஏமாற்றவில்லை. காலண்டர்கள் பறந்தன. ஐந்து மணிக்கு உள்ளே போய்ப் பார்த்தால் மேசை, நாற்காலி, கோப்பு, மின்விசிறி, எழுத்தர்களின் புருவம் வரைக்கும் கல்மாவு. மாடியில் தகடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. தனசேகர் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கப்பனுக்குக் குடுத்து வைக்கலீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைத் திட்டவும் அவளுக்கு மனம் வரவில்லை.

தொட்டி தப்பித்தது. அதுபோதும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலை செயற்பொறியாளர் சேலத்துக்குக் கூப்பிட்டார். ஆய்வுக் குழுவுக்கான அறிக்கையை உட்கார்ந்து முடிக்க வேண்டும். கிளம்பும்போது சென்னியம்மாளிடம், "அக்கா, திங்கக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் சுத்தம் பண்ணி வெச்சுருங்க" என்று சொன்னாள். எதைக்கொண்டு சுத்தம் பண்ண வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அறிக்கை ஞாயிறு மாலைதான் முடிந்தது. நாற்பது பக்கம். கடைசிப் பக்கத்தில், ஓராண்டில் இக்கட்டடத்திற்கு வெளியிலிருந்து ஒரு லாரித் தண்ணீர்கூட வாங்கப்படவில்லை என்று எழுதி, அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். எவ்வளவு மனச்சோர்வுக்கு நடுவிலும் அந்த ஒரு வரி நெஞ்சைக் குளிர வைத்தது.

திங்கட்கிழமை ஜமாபந்தி தொடக்கம். வருடத்துக்கு ஒருமுறை ஊர்க் கணக்குகளைச் சரிபார்த்து, பட்டா, வாரிசு, ஓய்வூதியம் என்று எல்லா மனுக்களையும் ஒரே இடத்தில் வாங்குகிற நாட்கள் அவை. தாலுகாவே திரண்டு வந்துவிடும். அவள் போய்ச் சேர்ந்த ஒன்பது மணிக்கே நானூறு பேர் இருந்தார்கள். கட்டடம் கல்யாணப் பெண் மாதிரி பளபளத்தது. தகடு மின்னியது. வாசல் சிமெண்டுக் கற்களில்கூட ஒரு பொட்டுத் தூசி இல்லை. அதைப் பார்த்ததும்தான், எந்தத் தண்ணீரில் கழுவியிருப்பார்கள் என்று அவளுக்கு உறைத்தது.

ஓடிப்போய் மூடியை நெம்பினாள். தொட்டியின் அடித்தளம் காய்ந்து கிடந்தது. ஒரு மூலையில் மட்டும் கை அகலத்துக்கு ஈரம்.

"அக்கா! தண்ணியெல்லாம் எங்க?"

சென்னியம்மாள் சந்தோஷமாகத்தான் வந்தாள். "நேத்துக் காலைல புடிச்சு பொழுது எறங்கற வரைக்கும் ஓஸ் போட்டு அடிச்சமுங்க. ஏழு பேரு. தாசில்தாரு கடைசி நாளு போட்டோ எடுக்கோணும், நல்லாக் கழுவுங்கன்னாரு. உள்ள, வெளிய, மாடி, தகடு, எல்லாம். நல்ல வெயிலுங்களா, உங்க சூரிய மோட்டரு நிக்கவே இல்லீங்க. கரண்டு செலவே கெடையாது!"

"என்னைய ஒரு வார்த்த கேக்கறதில்லயா?"

"நீங்கதான அம்மிணி சொன்னீங்க, இந்தத் தண்ணி கழுவறதுக்கும் கக்கூஸுக்குந்தான்னு? சுத்தம் பண்ணி வைன்னும் நீங்கதான சொன்னீங்க?"

சொன்னதுதான். அத்தனையும் அவள் வாயால் சொன்னதுதான். யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் அவள் முதல்முறையாகத் தன் தலையில் அடித்துக்கொள்ளாமல் நின்றாள்.

பத்தரை மணிக்கு மேல்தொட்டியில் மிச்சமிருந்ததும் தீர்ந்தது. பதினொரு மணிக்குச் சென்னியம்மாள் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு வந்து பெண்கள் கழிப்பறையைப் பூட்டினாள். சண்முகப்பிரியா சேலத்துக்குப் போன் போட்டாள்.

"பூட்டியே வைங்க" என்றார் செயற்பொறியாளர். அவருடைய கையெழுத்தும் இப்போது அந்த அறிக்கையில் இருந்தது. "பழுதுன்னு ஒரு சீட்டு ஒட்டுங்க. மூணு நாள்தானே? புதன்கிழமை அவங்க வந்துட்டுப் போனதும் நீங்க பத்து லாரி வேணும்னாலும் விடுங்க. இல்லேன்னா விடுதித் தொட்டிய மறந்துடுங்க."

மூன்று நாள். அந்த விடுதியில் இருநூறு பெண்கள் இருக்கப்போகிறார்கள், வருடக்கணக்காக இருக்கப்போகிறார்கள். இங்கே மூன்று நாள், அதுவும் பகலில் மட்டும். கணக்குப் பார்த்தால் செயற்பொறியாளர் சொல்வதுதான் சரி. அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். பழுது என்று பெரிய எழுத்தில் எழுதினாள். பசையைத் தடவிக்கொண்டு போனாள்.

கழிப்பறை வாசலில் ஒரு பெண் சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். இடுப்பில் மனுவைச் செருகியிருந்தாள்.

"கண்ணு, சாவி யாருகிட்ட இருக்குது?"

"தண்ணி இல்லீங்கம்மா. பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு இருக்குதுங்க."

"அங்க போயிட்டு வந்தா என்ர நம்பரு போயிருமாமா. ஏழு மணிக்கு வந்து நிக்கறேன். எனக்குச் சக்கர நோவு கண்ணு, அடக்க முடியறதில்ல." அவள் குரல் தணிந்தது. "புது ஆபீசுல எல்லாம் நல்லாருக்குது, பாவாயி நீ தைரியமாப் போன்னு சொல்லித்தான் ஊருல அனுப்புனாங்க. அதான் ரெண்டு டம்ளரு தண்ணியக் குடிச்சுப்போட்டு வந்துட்டேன்."

சண்முகப்பிரியா கையில் இருந்த தாளைப் பார்த்தாள். பசை விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு வந்த கோபத்தில் தாசில்தார், தேங்காய்க்காரர், செயற்பொறியாளர், சென்னை ஆய்வுக் குழு, தான் எழுதிய நாற்பது பக்கம் எல்லாரும் எல்லாமும் இருந்தார்கள். தாளைக் கசக்கி எறிந்தாள். பாவாயியைக் கைப்பிடித்து, ஆபீஸ் அம்மாக்களின் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டுபோய், குடிதண்ணீர்க் குழாயில் ஒரு வாளி பிடித்துக் கொடுத்து உள்ளே அனுப்பினாள். வெளியே நின்றபடியே போனை எடுத்தாள். ஊரில் தண்ணீர் லாரி விடுகிறவரின் நம்பர் அவளிடம் இல்லை. அது தேவைப்படாது என்று ஒரு வருடமாக இருந்தவள். சென்னியம்மாளிடம் கேட்டு வாங்கினாள்.

"பன்னண்டாயிரம் லிட்டருங்க. உடனே வேணும். பேரா? சண்முகப்பிரியான்னே எழுதிக்கங்க."

போனை வைத்ததும் அழுகை வந்தது. அழுதாள். பாவாயி கதவைத் திறக்கும் முன்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

லாரி பன்னிரண்டு மணிக்கு ஹாரன் அடித்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வாசலுக்கு வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் தாசில்தாரைப் படியில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் ஆள் உயர மாலையோடு அவர் லாரியைப் பார்த்தார். சண்முகப்பிரியாவைப் பார்த்தார். அவர் முகத்தில் துளி கெட்ட எண்ணம் இல்லை. உண்மையான வருத்தம்தான் இருந்தது.

"பாத்தீங்களா மேடம்? இதுக்குத்தானுங்க ஆபீசுக்கு ஒரு போர் இருக்கட்டும்னு நானும் தலபாடா அடிச்சுக்கிட்டேன். மழத்தண்ணிய நம்பிக் கட்டடம் கட்டுனா இப்பிடித்தானுங்க நடுத்தெருவுல நிக்கோணும்."

சுற்றி நின்ற முப்பது பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

அவளிடம் பதில் இருந்தது. நாள், கிழமை, அடி, லிட்டர் என்று எல்லாவற்றோடும் இருந்தது. ஆனால் அதை முதலிலிருந்து சொல்லி முடிக்க அரை மணி நேரமாவது ஆகும். பூட்டிய கதவின் முன்னால் அதற்குள் நாற்பது பெண்கள் சேர்ந்திருந்தார்கள்.

லாரி டிரைவர் ஓஸின் நுனியைத் தூக்கிக்கொண்டு, எதில் விட வேண்டும் என்று கேட்டபடி வந்தார். சண்முகப்பிரியா அதை வாங்கி, படியேறிப் போய், தாசில்தாரின் கையில் கொடுத்தாள்.

"சித்த புடிச்சுக்கங்க சார். நான் மூடியத் தூக்கோணும்."

அவர் என்ன ஏதென்று புரியாமலே வாங்கிக்கொண்டு, படி இறங்கி வந்து, மாலை நனைய நனையத் தொட்டி வாயில் குனிந்து நின்று பிடித்தார். ஒரு வருடத்தில் அந்த மனிதர் கட்டடத்துக்குச் செய்த ஒரே உருப்படியான வேலை அது. அவள் சென்னியம்மாளிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கழிப்பறையைத் திறக்கப் போனாள்.